செம்மண்ணில் கண்ணில் படும் குழாய் அடையாள முளை

மண்ணுக்குள் குழாயோ கேபிளோ போகும் இடத்தைக் காட்ட, காரைக்குடிப் பக்கச் செம்மண்ணில் சிவப்பு முளை நட்டால், ரெண்டே மழையில் சேறு தெறித்து மண் எது, முளை எது என்றே தெரியாது. தண்ணீர்க் குழாய்க்கு நீலம் வையுங்கள். மின்கேபிளுக்குச் சிவப்புதான் வேண்டுமென்றால் தலையில் வெள்ளைப் பட்டை கட்டாயம்.

பிளாஸ்டிக்கில் எச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பாலிஎதிலீன்) போதும். ஆனால் வெயில் தாங்க யுவி ஸ்டெபிலைசரை நிறத்தோடு சேர்த்தே கலக்க வேண்டும், இதில் மிச்சம் பிடிக்காதீர்கள், முளை வெளுத்து நொறுங்கிப்போன இடத்தில்தான் ஒருநாள் கடப்பாரை இறங்கும்.

முளையின் சுவர் எங்கும் ஒரே கனம், 3 மி.மீ. வையுங்கள். சுவரைத் தாங்க உள்ளே வரும் விலா அதில் பாதி கனம்; தடித்தால் வெளிப்பக்கம் குழி விழும். உருக்கிய பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சிலிருந்து கழன்று வரப் பக்கங்களுக்கு 1 முதல் 2 டிகிரி சரிவு. ஆறும்போது எச்டிபிஇ சுமார் 2 சதவீதம் சுருங்கும், அச்சை அந்த அளவுக்குப் பெரிதாக வெட்டச் சொல்லுங்கள். அப்புறம், எழுத்தை ஸ்டிக்கராக ஒட்டாமல் அச்சிலேயே புடைப்பாக வையுங்கள். சேறு பூசியிருந்தாலும் விரலால் தடவி ‘தண்ணீர்’ என்று படிக்க முடிய வேண்டும்.