லாமுவில் மணி கேட்டு ஏமாறாதீர்கள்

தொப்பி, தண்ணீர் பாட்டில், மலேரியா மாத்திரை பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. கென்யாவின் லாமு தீவுக்கு அவ்வப்போது சிலரை அழைத்துப் போகிறேன். முதல் பயணத்தில் நான் செய்த அதே பிழையைப் போன மாதம் ஒரு தம்பதி அப்படியே செய்தார்கள். பழைய எரிச்சல் திரும்பிவிட்டது.

ஸ்வாஹிலி மணி

இங்கே மணிக்கணக்கு விடியலில் தொடங்குகிறது. காலை 7 மணி 'சா மோஜா', அதாவது முதல் மணி. 8 மணி 'சா ம்பிலி', இரண்டாம் மணி. நண்பகல் ஆறாம் மணி. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் முன்னோர் கேட்டால் வியக்கமாட்டார்கள். எனக்குத்தான் உறைக்கவில்லை.

பக்கத்து மாண்டா தீவின் தக்வா இடிபாடுகளுக்குப் போகப் படகோட்டியிடம் முன்பணம் கொடுத்தேன். "சா ம்பிலி" என்றார். ம்பிலி என்றால் இரண்டு என்று படித்திருந்த பெருமையில் தலையாட்டினேன். மறுநாள் காலை அவர் படகுத்துறையில் காத்திருக்க, நான் கடைத்தெருவில் நிதானமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பகல் 2 மணிக்குப் போய் நின்றபோது கடல் வற்றிக் கிடந்தது. தக்வாவுக்குப் போகும் அலையாத்திக் கால்வாயில் ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறியிருந்தால்தான் படகு நுழையும். அடுத்த நாள் எனக்கு விமானம். 17ஆம் நூற்றாண்டில் மக்கள் கைவிட்டுப்போன அந்த ஊரையும், மெக்காவின் திசையைக் காட்டும் கிப்லாச் சுவரின் மேல் தூண் நிற்கும் அதன் பள்ளிவாசலையும் பார்க்க இன்னொரு பயணம் தேவைப்பட்டது. முன்பணத்தைத் திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. அவர் சரியான நேரத்துக்குத்தான் வந்திருந்தார்.

ஆங்கிலத்தில் பேசினாலும் தப்ப முடியாது. மனத்தில் ஸ்வாஹிலி மணியை வைத்துக்கொண்டே சிலர் ஆங்கிலத்தில் இரண்டு என்பார்கள். 'அசுபுஹி'யா, 'ம்ச்சானா'வா, அதாவது காலையா பகலா என்று கேளுங்கள். ஓதம் எப்போது என்றும் கேளுங்கள். அது நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். முந்தாநாள் போய்வந்தவர் சொன்ன நேரம் உங்களுக்கு உதவாது.

ஷேலா கடற்கரை நடை

ஷேலா லாமு தீவிலேயே உள்ள கிராமம். இங்கும் ஓதம்தான். ஏறிவிட்டால் கரையோர வழி தண்ணீருக்குள். திரும்பிவரப் படகுக்காரர் சொன்னதே விலை.

பராசா

பவளக்கல் வீடுகளின் வாசலில் இருக்கும் திண்ணை. அங்கே அமர்ந்திருப்பவரிடம் சலாம் சொல்லி நலம் விசாரிக்காமல் நேரே வழி கேட்காதீர்கள். வழி சொல்வார்கள், முகம் மாறியிருக்கும்.

படம்

கேட்டுவிட்டு எடுங்கள். புய்புய் என்னும் கறுப்பு மேலங்கி அணிந்த பெண்களைக் கேட்கவும் வேண்டாம்.

கழுதை

சந்து குறுகல். நீங்கள் ஒதுங்குங்கள், அது ஒதுங்காது.