லண்டனை ஆற்காட்டுக் கண்ணோடு பார்க்க: மூன்று நாள் வழித்தடம்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்திலிருந்து லண்டன் போகிற பலர் அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கவோ தோல் வியாபாரத்துக்கோ போகிறார்கள். ஊர் சுற்றக் கையில் மிஞ்சுவது இரண்டு மூன்று நாள்தான். பிக் பென், பாலம், அரண்மனை வாசல் என்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதே தெருக்களில் ஆற்காட்டு முற்றுகை வெண்கலத்தில் வார்க்கப்பட்டிருக்கிறது. வந்தவாசியில் வென்ற தளபதிக்கும் வேலூர்ப் புரட்சியை அடக்கிய தளபதிக்கும் பெரிய தேவாலயங்களுக்குள் நினைவுச் சின்னங்கள் இருக்கின்றன. பக்கத்தில் போயும் தெரியாமல் கடந்து வருவது பெரிய இழப்பு. வழக்கமான இடங்களும் விட்டுப்போகாமல் இவற்றையும் பார்க்கும்படி இந்த வழித்தடம் அமைக்கப்பட்டிருக்கிறது.

புறப்படும் முன்

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வைத்திருந்தாலும் லண்டனுக்கு அது செல்லாது. பிரிட்டனுக்குத் தனி விசா வேண்டும். பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கைரேகையைச் சென்னையில் கொடுக்கலாம். அதன் பிறகு முடிவு வர வழக்கமாக மூன்று வாரம் ஆகும். மே, ஜூன் பயணம் என்றால் கடைசி நேரத்துக்குத் தள்ளாதீர்கள்.

பணத்தில் இரண்டு இடத்தில் சிக்கல் வரும். முதலாவது, வீட்டில் யாராவது பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பழைய காகிதப் பவுண்டு நோட்டுகள். 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு அவை கடைகளில் செல்லாது. பிளாஸ்டிக் நோட்டு மட்டும்தான். இரண்டாவது, வங்கி அட்டை. நம் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும், தொட்டுச் செலுத்தும் வசதியும் பெரும்பாலும் அணைத்தே இருக்கும். வங்கிச் செயலியில் இரண்டையும் இங்கேயே இயக்கிவிட்டுப் போங்கள். அங்கே போய் ஓடிபி வராமல் தவிக்க வேண்டியிருக்காது.

மெட்ரோவுக்கும் பேருந்துக்கும் அந்த அட்டையே போதும், சீட்டு வாங்க வேண்டாம். ஒருவருக்கு ஓர் அட்டை என்பது கண்டிப்பான விதி. கணவன் மனைவி இருவரும் ஒரே அட்டையைத் தட்ட முடியாது. மெட்ரோவில் ஏறும்போதும் இறங்கி வெளியேறும்போதும் தட்ட வேண்டும். உள்ளே போகையில் அட்டையையும் வெளியே வருகையில் அதே அட்டையை ஏற்றிய போனையும் தட்டினால், அட்டை ஒன்றே ஆனாலும் கணினி அதை முடிவடையாத இரண்டு பயணமாகக் கருதி இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் எடுத்துவிடும். பேருந்தில் ஏறும்போது மட்டும் தட்டினால் போதும். அங்கே காசு வாங்க மாட்டார்கள். முதல் தட்டலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேறு பேருந்து மாறினால் மறுபடி கட்டணம் கிடையாது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் உண்டு. அதைத் தாண்டிய பயணங்களுக்குப் பணம் பிடிக்காது. 11 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பெரியவர்களோடு போனால் மெட்ரோவில் கட்டணமில்லை. ஹீத்ரோவிலிருந்து நகருக்குள் வரப் பிக்காடில்லி ரயில்தான் மலிவு, ஒரு மணி நேரம் ஆகும். எலிசபெத் ரயில் ஏறக்குறைய பாதி நேரத்தில் வந்துவிடும், கட்டணம் கூடுதல். பெட்டிகளும் வயதானவர்களும் கூட இருந்தால் எலிசபெத் ரயிலே நல்லது.

முதல் நாள்: வெஸ்ட்மின்ஸ்டர்

வெஸ்ட்மின்ஸ்டர் ஆபி தேவாலயத்துக்கு முன்பதிவு செய்து, காலையில் திறந்தவுடன் போங்கள். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு மட்டும்தான் திறப்பார்கள்; சுற்றிப் பார்க்க விட மாட்டார்கள். வடக்குப் பக்கச் சிறகில் அயர் கூட்டின் நினைவுச் சின்னம் இருக்கிறது. தாமஸ் பேங்க்ஸ் செய்தது, 1789-இல் முடிந்தது. வெற்றித் தேவதை ஒருத்தி அவர் உருவப் பதக்கத்தை மாட்டுகிறாள். கீழே கைதியாக ஓர் இந்தியர் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறார். 1760 ஜனவரி 22-இல் வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்தவர் இந்தக் கூட். 1781-இல் சோளிங்கரில் ஹைதர் அலியோடு மோதியவரும் இவரே. அந்தக் கைதியின் முகத்தைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வென்றவர்கள் நம்மை எப்படிப் பார்க்க விரும்பினார்கள் என்பது அதில் இருக்கிறது.

நடுக்கூடத்தில் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸின் சின்னம். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நம் பக்கம் மோதிய கர்நாடகப் போர்களில் கிளைவுக்கு மேல் இருந்தவர். அதன் புடைப்புச் சிற்பத்தில் திருச்சிராப்பள்ளியைச் செதுக்கியிருக்கிறார்கள். ஆபிக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். பெரிய பை கொண்டு போகாதீர்கள், உள்ளே விட மாட்டார்கள்.

வெளியே வந்து நாடாளுமன்றச் சதுக்கத்தில் பிக் பென்னைப் பார்த்துவிட்டு, வைட்ஹால் திசையில் சில நிமிடம் நடந்தால் இடப்பக்கம் கிங் சார்லஸ் தெரு. அதன் மறுமுனையில் பூங்காவை நோக்கி இறங்கும் படிகளின் தலையில் ராபர்ட் கிளைவ் நிற்கிறார். ஜான் ட்வீட் செய்த சிலை. பலர் சிலையை மட்டும் படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நமக்கு முக்கியம் பீடத்தைச் சுற்றியுள்ள வெண்கலப் பலகைகள். ஒன்றில் 1751 ஆற்காட்டு முற்றுகை, இன்னொன்றில் பிளாசிப் போருக்கு முந்தைய இரவு, மற்றொன்றில் 1765-இல் வங்காளத்தின் வரி வசூலிக்கும் உரிமை கைமாறிய காட்சி. ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப்பின் மகன் ராசா சாகிப் ஏறக்குறைய 50 நாள் கோட்டையைச் சுற்றி வளைத்தும் பிடிக்க முடியாமல் போன அந்த முற்றுகைதான் கிளைவின் பெயரை உயர்த்தியது. பாலாற்றங்கரையில் இன்று மிஞ்சி நிற்கும் டெல்லி கேட்டை ஒருமுறை பார்த்துவிட்டு லண்டன் போனால் அந்தப் பலகை பேசும். வழி தெரியாவிட்டால் போனில் சர்ச்சில் போர் அறைகள் என்று தேடுங்கள். அதன் வாசல் அந்தப் படிகளுக்கு அடியிலேயே இருக்கிறது.

அங்கிருந்து செயின்ட் ஜேம்ஸ் பூங்கா வழியாகப் பக்கிங்காம் அரண்மனை நடை தூரம். காவலர் மாற்றம் எல்லா நாளும் நடப்பதில்லை, மழை பெய்தால் ரத்தாகும். முந்தின நாள் அட்டவணையைப் பாருங்கள். காலை 11 மணிக்கு நடப்பதால் ஆபியோடு ஒரே நாளில் ஒத்துவராது. கூட்டத்துக்குப் பின்னால் நின்று தொப்பிகளை மட்டும் பார்ப்பதைவிட ஆபிக்கு அந்த நேரத்தைக் கொடுப்பதே மேல்.

இரண்டாம் நாள்: கோட்டை, தோல் சந்தை, செயின்ட் பால்

டவர் ஆஃப் லண்டன் திறக்கும்போதே உள்ளே நுழைந்து நேராக மணிமகுட அறைக்குப் போங்கள். கோஹினூர் அங்கே இருக்கிறது. 11 மணிக்கு மேல் வரிசை நீளும். வேலூர்க் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே அகழியைக் கவனிப்பார்கள்: தண்ணீர் இல்லை, வெறும் புல்தரை. நோய் பரவியதால் 1843-இல் வெலிங்டன் பிரபு பொறுப்பில் இருந்தபோது வற்ற வைத்துவிட்டார்கள். அதே வெலிங்டன், ஆர்தர் வெல்லஸ்லியாக, 1799 பிப்ரவரியில் வேலூரில் கூடிய தளபதி ஹாரிஸின் படையோடு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் புறப்பட்டவர்.

கோட்டையிலிருந்து டவர் பாலத்தை நடந்தே கடந்து தெற்குக் கரைக்கு வந்தால் பெர்மண்ட்சி. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்கள் இதைத் தவறவிடக் கூடாது. லண்டனின் டேனரிகள் (தோல் பதனிடும் ஆலைகள்) இருந்த பகுதி இது. டேனர் தெரு, லெதர்மார்க்கெட் தெரு, மொராக்கோ தெரு என்று பெயர்களே சொல்லும். வெஸ்டன் தெருவில் 1878-இல் கட்டிய தோல் சந்தைக் கட்டடத்தின் முகப்பில் தோல் பதனிடும் வேலைகளை வட்டச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். இங்கே ஓக் மரப்பட்டை, நம் பக்கம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். நம்மூரில் அப்படிப் பதனிட்டு ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) என்ற பெயரில் கப்பலேறிய தோல்கள் ஏலம் போனது லண்டனில்தான். இப்போது டேனரி கிடையாது, அலுவலகங்களும் வீடுகளும்தான். சுற்றுலாக் கூட்டமும் இல்லாததால் நிதானமாகப் பார்க்கலாம்.

மதியச் சாப்பாட்டைப் பக்கத்திலுள்ள பரோ சந்தையில் முடித்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை அது மூடியிருக்கும். பிறகு ஆற்றோரமாக நடந்து மில்லேனியம் பாலத்தைக் கடந்தால் எதிரே செயின்ட் பால் தேவாலயம். மாலை 4 மணியோடு உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள், ஆகவே இரண்டரைக்குள் போய்ச் சேருங்கள். நடக்க முடியாதவர்கள் தெற்குக் கரையை விட்டுவிட்டு டவரிலிருந்து 15-ஆம் எண் பேருந்தில் நேராக வரலாம். இங்கும் ஞாயிறு சுற்றிப் பார்க்க முடியாது.

உள்ளே கில்லஸ்பியின் சிலையைக் கேட்டுப் பாருங்கள். அங்கே நிற்கும் தன்னார்வலர்கள் காட்டுவார்கள். சிற்பி சான்ட்ரி செதுக்கியது. 1806 ஜூலை 10 விடியற்காலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்து திப்புவின் கொடியை ஏற்றியபோது, ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு பாய்ந்து வந்து அதை இரத்தத்தில் அடக்கியவர் கில்லஸ்பி. வேலூர் மக்கான் சந்திப்பில் நம் சிப்பாய்களுக்கு நினைவுத் தூண் இருக்கிறது. இரண்டையும் பார்த்தவர்களுக்கு அந்தக் காலை முழுசாக விளங்கும். திப்புவின் இரு பிள்ளைகளை 1792-இல் பிணையாகக் கொண்டுபோன கார்ன்வாலிஸுக்கும் இங்கே நினைவுச் சின்னம் உண்டு. வெலிங்டனின் சமாதி கீழ்த்தளத்தில்.

குவிமாடத்தின் உச்சிக்கு 528 படி. சோளிங்கர் மலையேறிப் பழகியவர்களுக்கு எண்ணிக்கை பெரிதல்ல. ஆனால் கடைசிப் பகுதி குறுகலான இரும்புச் சுழல் படி. மூட்டு வலியும் தலைசுற்றலும் உள்ளவர்கள் கீழேயே இருங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு டவர் ஹில் நிலையத்திலிருந்து டிஸ்ட்ரிக்ட் ரயில் ஈஸ்ட் ஹாமுக்கு மாறாமல் போகிறது. இட்லி, தோசை, பிரியாணி எல்லாம் அங்கே கிடைக்கும்.

மூன்றாம் நாள்: திப்புவின் புலி

சவுத் கென்சிங்டன் நிலையத்தில் இறங்கினால் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம். நுழைவு இலவசம், வெள்ளிக்கிழமை இரவு 10 வரை திறந்திருக்கும். ஓர் ஐரோப்பியன் மேல் பாய்ந்து கடிக்கும் மரப்புலி, நீளம் 178 சென்டிமீட்டர். உள்ளே ஆர்கன் இசைக்கருவி. கைப்பிடியைச் சுழற்றினால் அந்த மனிதன் கை உயர்ந்து முனகுவான். இப்போது பார்வையாளர்களைச் சுழற்ற விடுவதில்லை. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனையிலிருந்து எடுத்துப் போனது. அதே வீழ்ச்சிக்குப் பிறகுதான் திப்புவின் குடும்பம் வேலூர்க் கோட்டைக்குக் காவலில் வந்தது. கூடங்களைப் புதுப்பிக்கும்போது பொருள்களை இடம் மாற்றுவார்கள். போகும் அன்று காலையில் அருங்காட்சியக இணையதளத்தில் திப்புவின் புலி என்று ஆங்கிலத்தில் தேடினால் எந்த அறை, காட்சியில் இருக்கிறதா என்று காட்டும். அது இல்லாத நாளில் போய் ஏமாற வேண்டாம்.

மீதி நேரத்தைப் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுங்கள். அங்கேயும் கட்டணமில்லை. அமராவதிப் பௌத்தச் சிற்பங்களைக் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். சென்னை எழும்பூரில் அதே ஸ்தூபியின் மற்ற பாகங்களைப் பார்த்திருப்பீர்கள். டிசம்பர் பயணம் என்றால் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். அதனால் வெளியே நடக்க வேண்டிய கிளைவ் படிகளையும் பெர்மண்ட்சியையும் காலையில் வைத்துக்கொண்டு, அருங்காட்சியகங்களை மாலைக்குத் தள்ளுங்கள்.