ஓவர்ஹால் பண்ணுன டர்போ டீசல் எஞ்சினா? சாவியத் திருப்புறதுக்கு முன்னாடி இதப் படிங்க

மலேசியாவுல, சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் (இப்ப பேரு பெஸ்தாரி ஜெயா, ஆனா எங்க வாயில பழைய பேருதான் வரும்) செம்பனைத் தோட்டத்து ரோட்டுல ஓடுற பழைய பஜேரோ, ஹைலக்ஸ், டிமேக்ஸ் எல்லாம் ஒரு நாள் ஓவர்ஹாலுக்கு (எஞ்சின முழுசா பிரிச்சு திரும்பக் கட்டுறது) வந்துதான் தீரும். எங்க மச்சானோட பஜேரோ 4டி56 எஞ்சின மொத தடவ கட்டி முடிச்சப்ப சந்தோஷத்துல நேரா சாவியத் திருப்பிட்டோம், ஆயில் போய்ச் சேர்றதுக்குள்ள டர்போ (புகை வேகத்துல சுத்தி எஞ்சினுக்குள்ள காத்த அழுத்தித் தள்ளுற சாமான்) காஞ்சு சுத்திருச்சு, அடுத்த வாரமே விசில் சத்தம், நீலப் புகை, டர்போ தண்ட விரலால தொட்டா லொடலொடன்னு ஆடுது. அந்த வேதனை உங்களுக்கு வேணாம்.

டர்போ தண்டு நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல போகும், அத பேரிங்ல உரசாம தாங்குறது மெல்லிசான ஆயில் படலம்தான். புதுசா கட்டுன எஞ்சின்லயோ ஆயில் போற வழியெல்லாம் காலி.

மொதல்ல டேங்க். நம்ம ஊரு டீசல்ல பாம் ஆயில்ல செஞ்ச பயோடீசல் கலந்திருக்கு, 2019ல அது பி10 ஆச்சு, அதாவது பத்துல ஒரு பங்கு பயோடீசல், அது தண்ணிய இழுக்கும், வண்டி மாசக்கணக்கா நின்னிருந்தா அடியில வழவழன்னு சேறு கட்டும். பழசக் கொட்டிட்டு புது டீசலும் புது பில்ட்டரும் போடுங்க.

ஆயில் 15டபிள்யூ-40 மினரல் போதும், புல்லி சிந்தெட்டிக் இப்ப வேணாம், பிஸ்டன் ரிங் சிலிண்டர்ல சரியா உக்காராது. கிளோ பிளக் (ஸ்டார்ட் பண்ண சிலிண்டர சூடாக்குறது) எல்லாத்தையும் கழட்டிட்டு கிராங்க் புல்லி போல்ட்டுல சாக்கெட் போட்டு கையால முழுசா ரெண்டு சுத்து சுத்துங்க. எங்கயாவது தட்டி நின்னா பலத்தக் காட்டாதீங்க, டைமிங் பெல்ட் மார்க்கத் திரும்பப் பாருங்க, பெரும்பாலும் பிஸ்டன் வால்வுல இடிக்குதுன்னு அர்த்தம்.

இப்ப டர்போ. மேல ஆயில் வர்ற பைப்பக் கழட்டி அந்த ஓட்டையில சுத்தமான ஆயில ஊத்திக்கிட்டே டர்போவோட காத்து உறிஞ்சுற பக்கத்து வீல ஒரு விரலால மெதுவா சுத்தி விடுங்க, கொஞ்ச நேரத்துல விரலுக்கே வித்தியாசம் தெரியும், வெண்ணெய்ல சுத்துற மாதிரி வழுக்கும். அப்புறம் அந்த பைப்ப லூசா மாட்டிட்டு, டீசல் பம்புல இருக்குற ஸ்டாப் சொலினாய்டு (டீசல அடைக்கிற கரண்ட் வால்வு) ஒயரப் புடுங்கிருங்க (காமன் ரெயிலா, அதாவது ஒரே குழாய்ல பிரஷர் ஏத்தி கரண்ட்ல நோசலத் திறக்குற புது வகை எஞ்சினா இருந்தா நோசல் சாக்கெட்டுகள), டீசல் போகக் கூடாது. பத்து செகண்ட் ஸ்டார்ட்டர் அடிங்க, ஒரு நிமிஷம் ஆற விடுங்க, திரும்ப அடிங்க. ரெண்டாவது தடவ நான் டார்ச்சப் பிடிச்சுக்கிட்டு பாத்துக்கிட்டே இருந்தேன், பைப் ஓரத்துல மொதல்ல நுரை, அப்புறம் குமிழி, அதுக்கப்புறம்தான் தேன் கலர்ல ஆயில் தெளிவா ஊறி வழிஞ்சுச்சு. அது வந்தாதான் பைப்ப டைட் பண்ணணும், டேஷ்போர்டுல ஆயில் லைட்டும் அணைஞ்சிருக்கணும்.

பழைய டர்போ உடைஞ்ச வண்டின்னா இன்டர்கூலர (டர்போவுலேர்ந்து வர்ற காத்த ஆற வைக்கிறது) கழட்டி கழுவியே ஆகணும். உள்ள தங்குன ஆயில எஞ்சின் உறிஞ்சுனா அதையே எரிச்சுக்கிட்டு தாறுமாறா ஏறும், சாவிய எடுத்தாலும் நிக்காது. அதனால காத்து போற வாய மூட ஒரு தடிப்பலகையோட ஒரு ஆள் பக்கத்துல நிக்கணும், கையாலயோ துணியாலயோ மூடாதீங்க, இழுத்துரும்.

டீசல் லைன்ல மாட்டுன காத்த எடுக்க பில்ட்டர் மேல இருக்குற கைப்பம்ப கல்லு மாதிரி கெட்டியாகுற வரைக்கும் அமுக்குங்க. பழைய பம்பு எஞ்சின்ல நோசல் நட்ட லூஸ் பண்ணி எடுக்கலாம், காமன் ரெயில்ல அத தொடவே தொடாதீங்க, ஆயிரம் பாருக்கு மேல பிரஷர், தோலுக்குள்ள டீசல ஏத்திரும்.

ரேடியேட்டர் தண்ணி, கிளோ பிளக், ஒயர் எல்லாம் மாட்டியாச்சுன்னா சாவியப் போடுங்க. ஆயில் லைட் சில செகண்டுல அணையலன்னா உடனே ஆப். எடுத்த உடனே எண்ணெய் (ஆக்சிலேட்டர்) மிதிச்சு உறும விடாதீங்க, அதே நேரம் ஒரு மணி நேரம் ஐடில்லயே விடவும் கூடாது, சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி ஆகி ரிங் பிடிக்காம போயிரும். ஒழுகல் இல்லன்னு பாத்துட்டு ரோட்டுக்கு எடுங்க, நாங்க ஈஜோக் பக்கம் கொண்டுபோனோம், ஏத்தி இறக்கி மிதமா லோடு குடுத்து ஓட்டுனோம்.

500 கிலோமீட்டர்லயே மொத ஆயில மாத்திருங்க. வடிச்ச ஆயில்ல காந்தத்த விடுங்க, மாவு மாதிரி சாம்பல் பொடி ஒட்டுனா பயமில்ல, ஆயில்ல செம்பு கலர்ல செதில் மின்னுச்சுன்னா வண்டிய ஓட்டாதீங்க, சம்ப (எஞ்சினுக்கு அடியில இருக்குற ஆயில் தொட்டி) கழட்டி பேரிங்கப் பாருங்க.