'வாங்க' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? ஏவல் வாக்கியம், படிப்படியாக

தனுஷ்கோடிக்கு வேன் ஓட்டுகிறவர், காரங்காட்டில் படகு விடுகிறவர், அக்னி தீர்த்தக் கரையில் சங்கு மாலை விற்கிறவர் என யாராக இருந்தாலும் வெளியூர்க்காரரிடம் அதிகம் பேசுவது ஏவல் வாக்கியங்களைத்தான். ஏறுங்க, உட்காருங்க, பிடிச்சுக்குங்க, தண்ணியில இறங்காதீங்க. ஆங்கிலத்தில் முதலில் பழக வேண்டியதும் இவைதான். இங்கே ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

படி 1: வினையை அப்படியே வையுங்கள்

தமிழில் வா, நட, நில் என்ற அடிச்சொல்லே ஏவலாக நிற்கிறது. ஆங்கிலத்திலும் அதே கதைதான்: 'கம்', 'வாக்', 'ஸ்டாப்'. முன்னால் 'டு' வராது, பின்னால் 'இங்' ஒட்டாது. கேட்பவர் ஒருவரானாலும் ஒரு பஸ் நிறைய ஆளானாலும் 'கம்' மாறாது. நாளைக்கு வரச் சொல்வதற்கும் 'கம் டுமாரோ' போதும்.

பலர் தடுக்கி விழுவது 'யூ' என்ற சொல்லில். 'நீங்க வாங்க' என்பதை மனதில் வைத்து 'யூ கம்' என்கிறோம். தமிழில் 'நீங்க' மரியாதையைக் கூட்டும். ஆங்கிலத்தில் 'யூ கம்', 'யூ சிட்' என்றால் விரல் நீட்டி அதட்டுவதுபோல் ஒலிக்கும். 'யூ'வை விட்டுவிடுங்கள்.

படி 2: 'பி' எங்கே வரும்?

'கவனமா இருங்க', 'தயாரா இருங்க' போன்றவற்றில் 'இரு' என்பதற்கு 'பி' வேண்டும். 'பி கேர்ஃபுல்.' 'பி ரெடி அட் ஃபைவ்.' அவசரத்தில் 'கேர்ஃபுல்!' என்று மட்டும் கத்தினால் தப்பில்லை. 'டோன்ட் லேட்' என்பது மட்டும் எப்போதும் பிழை. 'டோன்ட் பி லேட்' என்பதே சரி.

படி 3: 'செய்யாதீங்க'

'டோன்ட்' போட்டு, பின்னால் அடிச்சொல். 'டோன்ட் டச்.' 'டோன்ட் ஸ்டாண்ட்.' காதில் அடிக்கடி விழும் பிழைகள் 'நோ கோ', 'நாட் டச்', 'டோன்ட் கோயிங்'. கடைசிப் பிழைக்குக் காரணம் போர்டுகள். 'நோ பார்க்கிங்' என்று பார்த்துப் பழகிய கண், 'டோன்ட்' பின்னாலும் 'இங்' சேர்த்துவிடுகிறது. இந்த இரண்டில் 'இங்' வருவது 'நோ' பின்னால் மட்டும்.

படகுக்காரர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கும்போது, மோட்டார் சத்தத்தில் 'டோன்ட்' கரைந்துபோகும். 'டோன்ட் ஸ்டாண்ட்' என்று நீங்கள் சொன்னது எதிரே இருப்பவருக்கு 'ஸ்டாண்ட்' என்று கேட்டால் அவர் எழுந்தே விடுவார். அதனால் படகில் எதிர்மறை வேண்டாம். 'எழுந்திருக்காதீங்க' என்பதற்குப் பதில் 'சிட் டவுன்' என்றே சொல்லுங்கள். 'கையை வெளியே நீட்டாதீங்க' என்பதற்கு 'கீப் யுவர் ஹேண்ட்ஸ் இன்சைட்'.

படி 4: '-ங்க' எங்கே போயிற்று?

'வா', 'வாங்க' என்ற வேறுபாடு ஆங்கில வினையில் கிடையாது. மரியாதையை வெளியிலிருந்துதான் சேர்க்க வேண்டும். அதற்கு மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி 'ப்ளீஸ்'. வாக்கியத்தின் தலையிலோ வாலிலோ வரும்: 'ப்ளீஸ் வெயிட் ஹியர்', 'வெயிட் ஹியர், ப்ளீஸ்'. நடுவில் செருகி 'வெயிட் ப்ளீஸ் ஹியர்' என்றால் ஒட்டாது.

இரண்டாவது, காரணம் சொல்வது. நம் பார்வையில் இதுதான் சிறந்த வழி. தனுஷ்கோடி நிலம் முடியும் அரிச்சல்முனையில் 'டோன்ட் கோ இன்டு தி வாட்டர்' என்று நிறுத்தினால் விரட்டுவதுபோல் இருக்கும். 'தி கரன்ட் இஸ் ஸ்ட்ராங் ஹியர்' என்று ஒரு வரி சேர்த்தால், நீரோட்டம் பலமானது என்று தெரிந்து அவரே நின்றுகொள்வார்.

மூன்றாவது, கேள்வியாக மாற்றுவது. 'குட் யூ மூவ் எ லிட்டில்?' இங்கும் வினை அடிச்சொல்லாகவே இருக்கும். உங்களுக்காக ஒருவர் சிரமப்பட வேண்டியிருந்தால் இந்த வடிவம்தான் பொருத்தம்.

கேட்பவருக்கே நன்மை என்றால் 'ப்ளீஸ்' கூடத் தேவையில்லை. 'ஹேவ் எ சீட்', 'ட்ரை திஸ் ஒன்', 'டேக் யுவர் டைம்' எல்லாமே கடையில் தாராளமாகச் சொல்லலாம். ஆபத்து நேரத்திலும் 'ப்ளீஸ்' கூடாது. அலை வரும்போது 'ஹோல்ட் ஆன்!' என்ற இரண்டு சொல் போதும்.

படி 5: ஒரே தமிழ்ச் சொல், பல ஆங்கிலச் சொல்

ஏறுங்க: ஆட்டோ, கார், சின்னப் படகுக்கு 'கெட் இன்'. பஸ், ரயில், கப்பலுக்கு 'கெட் ஆன்'. உள்ளே எழுந்து நடக்க இடமிருந்தால் பெரும்பாலும் 'ஆன்' என்று நினைவில் வைக்கலாம்.

இறங்குங்க: நாம் எல்லாவற்றுக்கும் 'கெட் டவுன்' என்போம். இந்தியப் பயணிகளுக்கு அது புரியும். இங்கிலாந்து, அமெரிக்காவிலிருந்து வந்தவருக்கோ 'கெட் டவுன்!' என்றால் 'குனி!' என்று அர்த்தம். ஆட்டோவிலிருந்து இறங்க 'கெட் அவுட்' என்று மட்டும் சொன்னால் துரத்துவதுபோல் இருக்கும்; 'யூ கேன் கெட் அவுட் ஹியர்' என்று மென்மையாக்குங்கள். பஸ்ஸுக்கு 'கெட் ஆஃப் ஹியர்'. காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குள் கிளை தலையில் இடிக்கும் இடத்தில் 'மைண்ட் யுவர் ஹெட்' என்று சொல்வது வழக்கம்.

பாருங்க: 'சீ' என்பதைவிட 'லுக்' நல்லது. 'லுக் அட் தி பிரிட்ஜ்.' நகரும் பொருளை விடாமல் பார்க்கச் சொன்னால் 'வாட்ச்'. பாம்பனில் 2025-ல் திறந்த புதிய ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் நீளத் துண்டு கப்பலுக்கு வழிவிட்டு மேலே எழும்பும்போது, 'வாட்ச்! இட்ஸ் கோயிங் அப்' என்று சொல்லலாம்.

போடுங்க: லைட்டுக்கு 'ஸ்விட்ச் ஆன் தி லைட்'. 'ஆன் தி லைட்' என்பது பிழை. லைஃப் ஜாக்கெட்டுக்கு 'புட் ஆன் தி லைஃப் ஜாக்கெட்'. ஜாக்கெட்டைக் காட்டி 'அதைப் போடுங்க' என்றால், 'இட்' நடுவில் போக வேண்டும்: 'புட் இட் ஆன்'. 'புட் ஆன் இட்' வராது. கழற்றச் சொல்ல 'டேக் இட் ஆஃப்'.

படி 6: இன்னொருவர் மூலம் சொல்வது

'அவரை வரச் சொல்லுங்க' என்பது 'டெல் ஹிம் டு கம்'. முதல் படியில் வேண்டாம் என்ற 'டு' இங்கே கட்டாயம். 'வர வேண்டாம்னு சொல்லுங்க' என்றால் 'டெல் ஹிம் நாட் டு கம்'. 'அவர் காத்திருக்கட்டும்' என்பது 'லெட் ஹிம் வெயிட்'. நம்மையும் சேர்த்து 'போகலாம்' என்றால் 'லெட்ஸ் கோ'.

படி 7: வரிசையாகச் சொல்லிப் பழகுங்கள்

ராமநாதசுவாமி கோயிலுக்கு வருகிறவருக்கு வழி சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். 'ஃபர்ஸ்ட், பேத் இன் தி சீ. தென் கோ டு தி ட்வென்டி டூ வெல்ஸ். ஆஃப்டர் தட், சேஞ்ச் இன்டு டிரை கிளோத்ஸ்.' இருபத்திரண்டு தீர்த்தமும் இந்த மூன்று வரியில் அடங்கிவிட்டது.

படகுக்கு: 'கம் திஸ் வே, ப்ளீஸ். கெட் இன் ஒன் பை ஒன். சிட் இன் தி மிடில். புட் ஆன் தி லைஃப் ஜாக்கெட். ஹோல்ட் தி சைட்.' ஒவ்வொரு வரிக்கும் நடுவில் மூச்சு விடுங்கள். அவர் செய்து முடித்த பிறகே அடுத்ததைச் சொல்லுங்கள்.

கரைக்கு வந்ததும் 'போயிட்டு வாங்க' என்று சொல்ல வாய் துடிக்கும். 'கோ அண்ட் கம்' என்றால் அவருக்குப் புரியாது. 'டேக் கேர். கம் அகெய்ன்.'