வசனத்தை மட்டும் படித்தால் பாதி நாடகம்தான் கிடைக்கும்

நவீன நாடகம் படிக்கும்போது பலரும் செய்கிற முதல் தவறு, மேடைக் குறிப்புகளை (மேடை எப்படி இருக்க வேண்டும், நடிகர்கள் என்ன செய்ய வேண்டும் என்று நாடகாசிரியர் எழுதுவதை) தாண்டிக் குதித்து நேராக வசனத்துக்குப் போவது. ஆர்தர் மில்லரின் ‘ஒரு விற்பனையாளனின் மரணம்’ (1949) நாடகத்தை அப்படிப் படித்தால் முக்கியமான ஒன்று கைநழுவிவிடும். அந்த விற்பனையாளன் வில்லி லோமனின் வீட்டுச் சுவர்கள் மேடையில் வெறும் கற்பனைக் கோடுகள். நிகழ்காலக் காட்சிகளில் நடிகர்கள் சுவர் இருப்பதாகவே பாவித்து, கதவு வழியாகத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். பழைய காலம் வந்துவிட்டால் அந்தச் சுவரையே ஊடுருவி நடப்பார்கள். ‘இது நினைவு’ என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. நடிகரின் கால் எங்கே படுகிறது என்பதிலேயே வில்லியின் மனதில் நேற்றும் இன்றும் கலந்துபோனது தெரிந்துவிடுகிறது.

அடுத்தது, கண்ணில் பட்டதற்கெல்லாம் குறியீடு தேடுவது. மரம் என்றால் நம்பிக்கை, வண்டி என்றால் வாழ்க்கை என்று எழுதிவைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். தேர்வுக்கு அது போதும், நாடகத்துக்குப் போதாது. ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் ‘மதர் கரேஜ்’ நாடகத்தில் ஒரு வண்டி வருகிறது. தொடக்கத்தில் அதை இரண்டு மகன்கள் இழுத்து வருகிறார்கள். போரை நம்பி வியாபாரம் செய்யும் அந்தத் தாய், பிள்ளைகள் மூவரையும் இழந்த பிறகு, கடைசியில் தன்னந்தனியாக அதை இழுத்துக்கொண்டு மறுபடி படையின் பின்னால்தான் போகிறாள். வண்டி அதேதான், இழுக்கிற ஆட்கள்தான் இல்லை. ‘இது எதைக் குறிக்கிறது?’ என்பதை விட்டுவிட்டு, ‘முதலில் எப்படி இருந்தது, இப்போது என்ன ஆயிற்று?’ என்று கேட்டுப் பாருங்கள். அதே நாடகத்தில் ஒவ்வொரு காட்சியிலும் நடக்கப்போவதை அந்தக் காட்சியின் தலைப்பே முன்கூட்டிச் சொல்லிவிடும். சுவாரசியம் போய்விட்டதே என்று குறைப்பட வேண்டாம். என்ன நடக்கும் என்ற பதற்றம் நீங்கினால்தான் ஏன் நடக்கிறது என்று யோசிப்போம் என்பது பிரெக்டின் கணக்கு.

ஒரே ஒரு மேடையேற்றத்தைப் பார்த்துவிட்டு அதுதான் நாடகம் என்று முடிவுகட்டுவதும் தவறுதான். ஒளியை மாற்றினாலே காட்சியின் தொனி மாறிவிடும்.

அப்புறம், ‘ஒன்றுமே நடக்கவில்லையே!’ என்ற புகார். 1953-இல் முதன்முதலில் மேடையேறிய, ஐரிஷ் எழுத்தாளர் பெக்கெட்டின் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ இதை அடிக்கடி வாங்கிக் கட்டிக்கொள்கிறது. இரண்டு அங்கங்களும் ஒரே மாதிரி முடிகின்றன: காத்திருக்கும் இருவரில் ஒருவர் போகலாமா என்று கேட்கிறார், மற்றவர் சரி என்கிறார், இருவரும் அசைவதில்லை. வசனத்தை மட்டும் படித்தவருக்கு அவர்கள் கிளம்பிவிட்டார்கள். முதல் முறை அது சிரிப்பாகக்கூட இருக்கலாம். இரண்டாம் முறை, கேட்பவரும் பதில் சொல்பவரும் மட்டும் இடம் மாறி அதே பேச்சு வரும்போது வயிற்றைப் பிசையும். அந்த வரிகளைச் சத்தமாகப் படித்துவிட்டு, அரை நிமிடம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள்.