நீலகிரிக்குப் புதிதாகக் குடிவருபவர்களுக்கு: லட்சம் கிலோமீட்டர் தாண்டிய காரை எப்படிப் பார்த்து வாங்குவது

வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டோ, சென்னை வெயில் போதும் என்றோ குன்னூர், கோத்தகிரி பக்கம் குடிவருகிறவர்கள் வீடு அமைந்த கையோடு தேடுவது ஒரு கார். பஸ் இருக்கிறது. ஆனால் தேயிலைத் தோட்டத்து ஓரம் வீடு எடுத்தவர் ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் சொந்த வண்டிதான் கைகொடுக்கும். புது வண்டிக்குப் பணம் போட யோசித்து, நிறைய ஓடிய பழைய வண்டியைப் பார்க்கிறீர்கள் என்றால் அதில் தவறே இல்லை. நானும் இத்தனை வருடமாக ஓட்டுவது அப்படி வாங்கியவற்றைத்தான்.

ஆனால் மீட்டரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நான் முதலில் வாங்கியது 72,000 கிலோமீட்டர் ஓடியது, ஒரே ஓனர், பளபளவென்று இருந்தது. மூன்றாவது மாதம் கட்டபெட்டு ஏற்றத்தில் கிளட்ச் கருகி, பின் சீட்டில் அம்மாவை வைத்துக்கொண்டு மழையில் நின்றேன். வண்டி பிறந்ததிலிருந்து மலையைவிட்டு இறங்கியதே இல்லை என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அடுத்து வாங்கியது 1,40,000 ஓடியது. பெரும்பாலும் கோவை–சென்னை நெடுஞ்சாலையில். அது ஆறு வருடம் உழைத்தது.

காரணம் எளிது. இங்கே பாதி நேரம் இரண்டாம் கியர். அந்தக் கியரில் ஒரு கிலோமீட்டர் போக இன்ஜின் சுற்றும் சுற்று, ஐந்தாம் கியரில் சுற்றுவதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். மீட்டர் ஒன்று என்று காட்டும்போது இன்ஜின் இரண்டு ஓடியிருக்கிறது. கிளட்ச், பிரேக், ஸ்டீயரிங் எல்லாவற்றுக்கும் கொண்டை ஊசி வளைவுகள் கொடுக்கும் வேலை தனி. அதனால் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு ஓடியிருக்கு?" இல்லை, "எங்கே ஓடியிருக்கு?"

பதிலை வண்டியே சொல்லும். கிளட்ச் பெடல் ரப்பரைப் பாருங்கள். மீட்டர் அறுபதாயிரம் என்கிறது, ரப்பர் வழவழவென்று தேய்ந்து இரும்பு தெரிகிறது என்றால் இரண்டில் ஒன்று பொய். டிஜிட்டல் மீட்டரையும் திருத்த முடியும் என்பதால் சர்வீஸ் சென்டர் பதிவுகளோடு ஒப்பிடுங்கள். முன் டயர்களின் ஓரம் நடுப்பகுதியைவிட அதிகம் தேய்ந்திருந்தால் வளைவுகளில் ஓடியிருக்கலாம், அல்லது அலைன்மென்ட் கெட்டிருக்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 1821 என்றால் 2021-ஆம் வருடம் 18-ஆவது வாரம் செய்தது. ஆர்.சி.யில் முன்பு டி போர்டாக (வாடகை வண்டியாக) இருந்து ஓன் போர்டாக (சொந்த உபயோகத்துக்கு) மாற்றியது தெரிந்தால், அது டூரிஸ்ட்டுகளை ஏற்றி ஓடிய வண்டியாக இருக்கலாம். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.

காலையில் போங்கள், ஏழு மணிக்குள். வரும் நேரத்தைச் சொன்னாலும், போனவுடன் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம். மலைக் குளிரில் ஒரே சாவியில் உயிர் பெறுகிற வண்டியின் பேட்டரியும், டீசலாக இருந்தால் அதன் ஹீட்டர் பிளக்கும் நன்றாக இருக்கின்றன. முதல் புகை நீலமாக வந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. வெள்ளை ஆவி கொஞ்ச நேரத்தில் மறைந்தால் அது குளிர்தான். சூடான பிறகும் நிற்கவில்லையென்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்; ஆயிலும், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் கலக்காமல் தடுப்பது அதுதான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் வெண்ணெய் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கும். சமவெளி மெக்கானிக் பார்த்தால் உடனே கேஸ்கெட் போய்விட்டது என்பார். கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடி, இன்ஜின் முழுசாகச் சூடாகாத மலை வண்டிகளில் உள்ளே ஈரம் தங்கி இப்படி வருவது வழக்கம். அளவுக்குச்சியை உருவிப் பாருங்கள். குச்சியில் ஆயில் சுத்தமாக இருந்து, கூலன்ட்டில் எண்ணெய் மிதக்காமல், அளவும் குறையாமல் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. குச்சியிலேயே மோர் நிறம் வந்தால் அந்த வண்டி வேண்டாம்.

அப்புறம் ஓட்டிப் பாருங்கள். பஜாரைச் சுற்றி ஒரு ரவுண்டு போதாது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியார் வரை இறங்கி, திரும்ப ஏறுங்கள். இறங்கும்போது நியூட்ரல் போடவே கூடாது. எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவுகளில் வண்டிகள் பிரேக் பிடிக்காமல் போவது இதை மீறுவதால்தான். பர்லியாரில் நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அதில் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெடல் முதலில் இருந்ததைவிடக் கீழே போனால் பிரேக் ஆயில் பழசு.

ஏறும்போது ஒரு வளைவுக்கு முன், இடம் பார்த்து நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கில் நிற்கிறதா என்று பாருங்கள். அங்கிருந்தே கிளப்புங்கள். மூன்றாம் கியரில் மிதிக்கும்போது சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. டெம்பரேச்சர் முள் மேலேயே ஒரு கண் இருக்கட்டும். ஊட்டி வரை போனால் இழுவை கொஞ்சம் குறையும், அதற்கு வண்டியைக் குறை சொல்லாதீர்கள். 2,200 மீட்டருக்கு மேல் காற்று மெலிது. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும்.

பேப்பர் விஷயம் எங்கும் போலத்தான்: பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30; வண்டி மேல் கடன் இருந்தால் அதை ஆர்.சி.யிலிருந்து நீக்க வங்கிக் கடிதத்தோடு படிவம் 35; பாக்கி அபராதம் இருக்கிறதா என்று ஆன்லைனில் பார்ப்பது; பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பேருக்கு மாற்றக் கேட்பது. இங்கே கூடுதலாக ஒன்று. 2024 மே முதல் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் (ஆன்லைனில் எடுக்கும் நுழைவு அனுமதி) வந்துவிட்டது, நீலகிரிப் பதிவான டி.என். 43 எண்ணுக்கு அது தேவையில்லை. வாரம் ஒருமுறை மேட்டுப்பாளையம் போய் வருகிறவருக்கு இது பெரிய நிம்மதி.

பேசிய விலையோடு கிளட்ச், பிரேக் ஆயில், கூலன்ட், நாலு டயர் இவற்றுக்கும் பணம் ஒதுக்கி வையுங்கள். வண்டி வந்த முதல் வாரமே இன்ஜின் ஆயிலையும் பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். முதல் மாதம் நிறுத்துகிற இடத்தில் பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரியுங்கள். காலையில் அதில் கறுப்புச் சொட்டு இருந்தால் இன்ஜின் ஆயில், பச்சையோ ரோஸோ என்றால் கூலன்ட். சக்கரத்துப் பக்கமாக வழவழப்பான லேசான மஞ்சள் சொட்டு கிடந்தால் அது பிரேக் ஆயில். அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.