பெல்லட் வாங்கும் முன்: ஏர் பிஸ்டல் பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை துப்பாக்கி சுடும் ரேஞ்சில் ஒரு தம்பி பையைத் திறந்து மேசைமேல் டின்களை அடுக்கினான். ஆறு டின். ஒவ்வொன்றிலும் 500 பெல்லட் (ஏர் பிஸ்டலில் போடும் சின்ன ஈயக் குண்டு), எல்லாம் ஒரே ரகம், ஜெர்மன் சரக்கு. பிஸ்டல் பிடித்து நாலு மாதம்தான் ஆகிறது. "அண்ணே, இதுலதான் குரூப் நல்லா வருது. ஸ்டாக் தீர்றதுக்குள்ள வாங்கிப் போட்டுட்டேன்" என்றான். எப்படித் தெரியும் என்று கேட்டேன். மொபைலில் ஒரு இலக்கு கார்டின் படத்தைக் காட்டினான். குரூப் என்றால் குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதுதான். ஐந்து ஓட்டை, ஒரு ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிவிடும். கையில் பிடித்துச் சுட்டது.

எனக்கு வயிறு எரிந்தது. ஏனென்றால் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு கார்டு என் பழைய நோட்டிலும் ஒட்டியிருக்கிறது. அதை நம்பி நான் வாங்கியது ஆறு டின் இல்லை, இருபது.

கண்ணை மூடுவது, மூச்சை அடக்குவது, கட்டைவிரலை அழுத்துவது, இதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. முதல் வாரத்திலேயே எந்தக் கோச்சும் சொல்லிவிடுவார். பெல்லட் விஷயத்தில் மட்டும் யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை, ஆளாளுக்கு ஒன்று சொல்லுவார்கள், அதில்தான் காசும் காலமும் போகிறது.

கையில் பிடித்து ஐந்து சுட்டுவிட்டு பெல்லட்டைத் தேர்ந்தெடுப்பது

இதுதான் பெரிய தவறு. இத்தனை வருடம் ஆகியும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் கார்டைப் பாருங்கள். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கார்டில் 10 வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். குண்டின் விளிம்பு கோட்டைத் தொட்டாலே 10 கிடைக்கும். குண்டு 4.5 மில்லிமீட்டர். ஆக ஓட்டையின் நடுப்புள்ளி 16 மில்லிமீட்டர் அகல வட்டத்துக்குள் எங்கே விழுந்தாலும் அது 10தான். நல்ல பிஸ்டலை அசையாதபடி கிளாம்ப்பில் இறுக்கிச் சுட்டால் சுமாரான மேட்ச் (போட்டிக்கான) பெல்லட்டே 8 மில்லிமீட்டருக்குள் விழும். வாங்கும்போது பெட்டியில் ஒரு டெஸ்ட் கார்டு வருமே, ஐந்து குண்டும் ஒரே ஓட்டையாகக் கிழிந்திருக்கும், அதை எடுத்து ஒருமுறை பாருங்கள். அதாவது கடையில் கிடைக்கிற சாதாரண மேட்ச் பெல்லட்டே உங்களுக்கு 10 போடத் தயாராக இருக்கிறது.

இப்போது உங்கள் கை. நாலைந்து மாதம் பழகியவர் பத்து குண்டையும் கார்டின் நடுவிலுள்ள கறுப்பு வட்டத்துக்குள் போட்டாலே நல்ல முன்னேற்றம். கறுப்பின் விட்டம் 59.5 மில்லிமீட்டர். கையின் சிதறல் 60 என்று வைத்துக்கொள்வோம். பெல்லட்டின் சிதறல் 8. இரண்டும் சேர்ந்தால் 68 என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படிச் சேராது. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத சிதறல்கள் வர்க்கமாகிக் கூடும், அப்புறம் வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 60-ன் வர்க்கம் 3600, 8-ன் வர்க்கம் 64, கூட்டி மூலம் எடுத்தால் 60.5. சரி, காசைக் கொட்டி 8-ஐ 5 ஆக்கிவிட்டீர்கள். இப்போது 60.2. மொத்த லாபம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. இந்த வித்தியாசத்தையா கையில் பிடித்து ஐந்து குண்டு சுட்டுக் கண்டுபிடித்தீர்கள்?

கண்டுபிடிக்க முடியாது. அந்த ஐந்து ஓட்டை நாணயத்துக்குள் விழுந்தது கையின் அதிர்ஷ்டம், பெல்லட் அங்கே வெறும் சாட்சி. கையை விடுங்கள், கிளாம்ப்பில் கட்டி, அதே டின்னிலிருந்து, அதே பேரலில் ஐந்தைந்தாகச் சுட்டாலே எனக்கு ஒரு குரூப் 5 மில்லிமீட்டரும் அடுத்தது 8 மில்லிமீட்டரும் வந்திருக்கிறது. நடுவில் எதுவும் மாறவில்லை. ஐந்து குண்டு என்பது அவ்வளவு சின்ன சாம்பிள்.

என் கதையைச் சொல்கிறேன். 2012-ல் ஒரு சாயங்காலம் புது ரகம் ஒன்றை நண்பரிடம் கடன் வாங்கி ஐந்து சுட்டேன், நாலு 10, ஒரு 9. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இருபது டின், 10,000 பெல்லட். அப்போது நான் வாங்கிக்கொண்டிருந்த சம்பளத்தில் அது என்ன தொகை என்று வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை. அடுத்த மாதமே பழைய மார்க்குக்கு வந்துவிட்டேன். அப்போதாவது புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. பெல்லட் நல்ல பெல்லட், அதனால் சைட்தான் (குறி பார்க்கும் பகுதி) தப்பு என்று சைட்டைத் திருக ஆரம்பித்தேன். சைட் சரி, அதனால் கிரிப்தான் தப்பு என்று மரப்பிடியை அரம் போட்டு ராவினேன். ஒரு வருடத்து நோட்டைப் புரட்டினால் எந்த வாரம் எது மாறியது என்றே பிரிக்க முடியாத அளவுக்குக் குழப்பம். காசு போனதைவிட அந்த ஒரு வருடம் போனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நல்ல வயதில் தினம் 60 குண்டு சுட்டுவிட்டு, கையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன்.

கப்பலூர் சிட்கோவில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் 2014-ல் எனக்கு ஒரு கிளாம்ப் செய்து கொடுத்தார். கனமான இரும்புத் தகடு, இரண்டு தாடை, தாடைக்குள் தோல் ஒட்டியது, அவ்வளவுதான். அதில் கட்டிச் சுட்டபோதுதான் தெரிந்தது, என் பேரலுக்கு அந்த இருபது டின்னைவிட ரேஞ்சில் பொதுவாகப் பயன்படுத்தும் மலிவு டின் ஒரு மில்லிமீட்டர் சிறிய குரூப் போட்டது.

இதில் இன்னொரு வேர் இருக்கிறது. பெல்லட் பேச்சு பெரும்பாலும் ரைஃபிள்காரர்களிடமிருந்து வருகிறது. அவர்கள் கார்டில் 10 என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. போட்டியில் தகுதிச் சுற்றிலேயே 10.3, 10.7 என்று தசமத்தில் எண்ணுகிறார்கள். அவர்களுக்கு அரை மில்லிமீட்டர் பெல்லட் வித்தியாசம் மார்க்காகத் தெரியும், அவர்கள் பேசுவது நியாயம். பிஸ்டலில் தகுதிச் சுற்று முழு எண்தான், தசமம் ஃபைனலில் மட்டும். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் மனு பாக்கர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கிய மறு வாரமே, அவர் என்ன பெல்லட் போடுகிறார் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவருடைய கை எத்தனை வருடம் உழைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சரி, எப்படித்தான் பார்ப்பது

கிளாம்ப் வேண்டும். மரப்பிடியைக் கழற்றிவிட்டு பிஸ்டலின் உடலைப் பிடிக்க வேண்டும், காற்று அடைத்த சிலிண்டரைப் பிடித்து இறுக்கவே கூடாது. ரகம் மாற்றினால் முதல் பத்து குண்டைக் கணக்கில் எடுக்காதீர்கள், பேரல் புது ஈயத்துக்குப் பழக வேண்டும். ஒரு ரகத்தை முழுக்கச் சுட்டு முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகவும் கூடாது. முதல் ரகத்தில் ஒரு சுற்று, இரண்டாவதில் ஒரு சுற்று, மூன்றாவதில் ஒன்று, திரும்ப முதல் ரகம் என்று மாற்றி மாற்றிச் சுடுங்கள், ஒவ்வொரு தடவையும் அந்தப் பத்தைத் தள்ளிவிட்டு. இல்லாவிட்டால் சிலிண்டரில் காற்று குறைவதும், பதினோரு மணிக்குத் தகரக் கூரை காய்வதும், கிளாம்ப் கொஞ்சம் அசைவதும் எல்லாம் கடைசி ரகத்தின் தலையில் விழும்.

ஒரு ரகத்துக்கு ஐந்து கார்டு, கார்டுக்கு ஐந்து குண்டு. நல்ல மேட்ச் கார்டாக இருக்கட்டும். மெல்லிய ஜெராக்ஸ் தாளில் ஓட்டை கிழிந்து அளவே கெட்டுப்போகும். வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து 4.5-ஐக் கழித்துவிடுங்கள். ஐந்து கார்டின் சராசரியைத்தான் பார்க்க வேண்டும், அழகான ஒரு கார்டை எடுத்து சட்டம் போட்டுச் சுவரில் மாட்டக் கூடாது. இரண்டு ரகத்துக்கு நடுவே அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம் என்றால் மலிவானதை வாங்குங்கள்.

ஒன்று பிடித்துவிட்டால் டின்னின் லேபிளைப் பாருங்கள். தலை விட்டம் 4.49, 4.50 என்று போட்டிருக்கும், லாட் எண்ணும் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்பது) இருக்கும். இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். அதே பெயரில் அடுத்த லாட் உங்கள் பேரலில் வேறு மாதிரி விழலாம்.

லேசான பெல்லட் போட்டால் உதைக்காது என்பது

பாதி உண்மை. ஆர் 10 என்ற ரகத்தில் பெல்லட் பிஸ்டலுக்கு 0.45 கிராம், ரைஃபிளுக்கு 0.53 கிராம். ஃபினாலே மேட்ச் என்ற இன்னொரு ரகத்தில் 0.49, 0.53. லேசானது பேரலை விட்டுக் கொஞ்சம் சீக்கிரம் வெளியேறும், உதைப்பும் துளி குறையும், அதனால் பிஸ்டலுக்கு லேசானதையே வாங்குவதில் தவறில்லை. ஆனால் அரை கிராம் ஈயம் விநாடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் போகிறது, உங்கள் கையில் இருப்பது ஒரு கிலோ பிஸ்டல். அந்த உதைப்பு மிகக் கொஞ்சம். பிஸ்டல் துள்ளுகிறது என்று புதியவர்கள் சொல்வது பெரும்பாலும் ட்ரிக்கரை வெடுக்கென்று இழுத்ததால் மணிக்கட்டு ஆடியது. காலி பிஸ்டலில் ட்ரிக்கரை இழுத்துப் பாருங்கள். அப்போதும் முன் சைட் ஆடினால் அது உதைப்பே இல்லை. விதிப்படி ட்ரிக்கர் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது, அந்த அரைக் கிலோவை ஆட்டாமல் இழுக்கப் பழகுவதுதான் வேலை.

எடை போட்டுப் பிரிப்பது

தெற்காவணி மூல வீதியில் நகைக்கடை வைத்திருக்கும் சொந்தக்காரரிடம் தராசைக் கேட்டு வாங்கி, ராத்திரி முழுக்க ஒரு டின்னை மில்லிகிராம் கணக்கில் பிரித்தேன். கனமானது ஒரு கிண்ணம், லேசானது ஒரு கிண்ணம், நடுவில் ஒன்று. கிளாம்ப்பில் போட்டுச் சுட்டால் மூன்று கிண்ணமும் ஒரே மாதிரி. அந்த ராத்திரி தூங்கியிருந்தால் காலையில் இரண்டு மார்க் கூட வந்திருக்கும்.

கீழே விழுந்த டின்

பெல்லட்டின் பாவாடை (பின்பக்கத்து மெல்லிய விளிம்பு) நசுங்கியிருக்கும். போட்டிக்கு வேண்டாம்.

ஒவ்வொரு குண்டுக்கும் சைட்டைத் திருகுவது

பத்து குண்டு போகட்டும். அப்புறம் தொடுங்கள்.

கையைக் கழுவாமல் வடை

ஈயம். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெல்லட்டை வாயில் வைக்கவே கூடாது.

சிலிண்டரில் ஆக்ஸிஜன்

இது காசு விஷயம் இல்லை, உயிர் விஷயம். காற்று ஏற்ற ஸ்கூபா டேங்க்குக்கு அலைய முடியவில்லை, கைப்பம்பு அடித்துத் தோள் வலிக்கிறது என்று ஒருவர் வெல்டிங் பட்டறை ஆக்ஸிஜனை பிஸ்டல் சிலிண்டரில் ஏற்றக் கிளம்பினார். "ரெண்டும் காத்துதானே" என்றார். நான் சிலிண்டரைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன், கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை இல்லை. 200 பாரில் ஆக்ஸிஜன் துளி எண்ணெயையோ கிரீஸையோ தொட்டால் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும், வால்வோடு சேர்ந்து வெடிக்கும். ஈரமில்லாத சாதாரணக் காற்று மட்டும்தான் ஏற்ற வேண்டும். சிலிண்டரில் தயாரித்த தேதி அடித்திருப்பார்கள். கம்பெனிகள் பெரும்பாலும் 10 வருடத்தோடு மாற்றச் சொல்கின்றன, போட்டியில் அதைப் பார்க்கவும் செய்வார்கள். பழைய பிஸ்டல் வாங்குகிறவர்கள் பேரலுக்குள் எட்டிப் பார்ப்பதற்கு முன்னால் அந்தத் தேதியைப் பாருங்கள். சித்திரை வெயிலில் நிறைத்த சிலிண்டரை ஸ்கூட்டர் டிக்கியில் போட்டு மாட்டுத்தாவணிப் பக்கம் நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

அந்தத் தம்பியின் ஆறு டின்னில் ஐந்து இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. ஒன்றை மட்டும் திறந்து இந்த ஞாயிறு கிளாம்ப்பில் கட்டுகிறோம், பக்கத்தில் ரேஞ்சின் மலிவு டின்னும் அவன் நண்பன் கொண்டுவரும் இன்னொரு ரகமும். உங்களிடம் பிஸ்டல் இருந்தால் நீங்களும் எடுத்து வாருங்கள், கிளாம்ப் பொதுவாகத்தான் கிடக்கிறது. காலை ஏழு மணிக்கே வந்துவிடுங்கள், பத்துக்கு மேல் கூரைக்கடியில் நிற்க முடியாது.